அந்த சைபர்

"நான் எங்க தம்பி போறேன், வீட்லதான் கெடக்கேன்" என்று அந்த அக்கா சொன்னதும் டேப்லெட்டில் பயணங்கள் 0 என்று போட்டுவிட்டேன். வீட்டில் யார் யார் நேற்று எங்கே போய்வந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பதியும் போக்குவரத்துக் கணக்கெடுப்பு வேலை எனக்கு. சென்னை பெரும்பாக்கம், ஆறாவது மாடி. வீட்டுக்காரருக்கு இரண்டு பயணம், பெரிய பையனுக்கு இரண்டு. படிவத்தை அனுப்பிவிட்டுச் செருப்பு மாட்டும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்கிறார்: "நேத்து நாலு தடவை எறங்கி ஏறினேன்டி, காலே போச்சு." சின்னவளை அங்கன்வாடியில் விட, கூட்டிவர, ரேஷன், அப்புறம் பஸ் ஏறிப் போய் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை.

என் காதில் நன்றாகவே விழுந்தது. அனுப்பிய படிவத்தைத் திறக்க சூப்பர்வைசருக்குப் போன் போட வேண்டும், மணி ஒன்றாகிவிட்டது, இன்னும் ஆறு வீடு பாக்கி. இறங்கிவிட்டேன்.

ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும் என்று இன்னமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் எடுத்தது நூறு வீட்டுக்கு ஒரு வீடு, அப்படியென்றால் அவருடைய சைபர் அந்தப் பகுதியில் நூறு அக்காக்களின் சைபர். அதை வைத்துத்தான் எங்கிருந்து எத்தனை பயணம் கிளம்புகிறது, எங்கே போகிறது, பஸ்ஸா பைக்கா, எந்தச் சாலை வழியாக என்று மாடல் போட்டு வருகிற வருஷங்களுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். சாலையில் நின்று எண்ணுகிற கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துவார்களே என்றால், அங்கே பெரும்பாலும் எண்ணுவது வண்டியை. 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகர வேண்டியது ஆட்கள், வண்டிகள் இல்லை என்கிறது. பயிற்சியின் முதல் நாளே அதைத் திரையில் போட்டார்கள்.

வீட்டுக்காக அலைவதை அவர்களே பயணமாக நினைப்பதில்லை. 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் கிடையாது, காசு போயிருந்தாலாவது ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். 'நேத்து எங்க போனீங்க' என்பதை விட்டுவிட்டு 'காலைல மொதல்ல எதுக்குக் கதவைத் திறந்தீங்க' என்று ஆரம்பித்தேன். பதில் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு என்பது ஏழாகிவிட்டது, திட்டும் கிடைத்தது. கடைசி வாரம் பழைய கேள்விக்கே திரும்பிவிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அந்தக் கணக்கை வைத்துப் போடுகிற போக்குவரத்துத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். வேலை நாள், காலை 11 மணி, ஏசி ஹால். மேம்பாலம் எப்போது என்று மூன்று பேர், பார்க்கிங் பற்றி இரண்டு பேர். அந்த அக்கா வந்திருந்தாலும் 'நான் எங்கயும் போறதில்ல' என்றுதானே சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது எனக்கு எவ்வளவு வசதி என்பதும் தெரிந்தது. மைக் எங்கள் வரிசைக்கு வந்தது. வாங்கி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தேன்.