செஷனுக்குள் பாஸ்வேர்டுக்கு என்ன வேலை?

போன மாதம் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சைட்டை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே புகார்: தேடல் பெட்டியில் "சுங்குடி" என்று அடித்தால் பட்டியல் வர அவ்வளவு நேரம் ஆகிறதாம். டேட்டாபேஸில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அரைநாளை வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால் பிரச்சினை லாகினில்.

முன்பு எழுதியவர் விவரம் தெரிந்தவர்தான், பாஸ்வேர்டை பிக்ரிப்ட் என்கிற முறையில் ஹேஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றி, அது எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்று சொல்லும் காஸ்ட்டை 13 என்று தாராளமாகவே வைத்திருந்தார். (காஸ்ட் ஒன்று கூடினால் வேலை இரண்டு மடங்கு.) ஆனால் லாகினோடு விடாமல், ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்வேர்டை மறுபடி சரிபார்த்திருக்கிறார், அதற்காகவே அதை அப்படியே செஷனில், அதாவது லாகின் ஆனவரை நினைவில் வைக்க சர்வர் எழுதிவைக்கும் குறிப்பில், போட்டுவைத்திருக்கிறார். தேடல் பெட்டியோ ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கூப்பிடுகிறது, கூப்பிடும்போதெல்லாம் இந்தச் சரிபார்ப்பும் ஓடுகிறது. 1999-ல் பிக்ரிப்ட்டை உருவாக்கியதே அது மெதுவாக ஓட வேண்டும் என்றுதான், டேட்டாபேஸைத் திருடியவன் ஊகித்து ஊகித்துப் பார்த்துச் சலித்துப்போகட்டும் என்று. இங்கே சலித்துப்போனது பில் போடுகிற பெண்.

மெதுவாக இருந்ததுகூடப் பரவாயில்லை. இந்த சைட் எழுதப்பட்ட பிஎச்பி மொழியில் செஷன் வழக்கமாக சர்வரில் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடக்கும். ஒன்றைத் திறந்தேன், பயனர் பெயருக்குப் பக்கத்திலேயே பாஸ்வேர்ட், கடைப் பெயரும் 123-ம். இந்த ஃபோல்டர் தினமும் பேக்கப்பிலும் போகிறது! டேட்டாபேஸில் அவ்வளவு பத்திரம், இங்கே திறந்த வீடு. பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 2018-ல் ட்விட்டரில் ஹேஷ் ஆவதற்கு முன்பே பாஸ்வேர்டுகள் அவர்களுடைய உள் பதிவேட்டில் (லாக்) எழுதப்பட்டுவிட்டதால், 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் மாற்றச் சொல்லிக் கேட்டார்கள்.

சரி, என்ன செய்தேன்? பாஸ்வேர்ட் லாகினில் ஒரே ஒரு முறை சரிபார்க்கப்படும், அதோடு அதற்கு வேலை இல்லை. சரியாக இருந்தால் அந்த நொடியே செஷன் ஐடியை, அதாவது இது யாருடைய செஷன் என்று பிரவுசர் காட்டும் அடையாளச் சீட்டை, புதிதாக மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது முன்கூட்டியே ஒரு ஐடியை நம் தலையில் கட்டியிருந்தால், நாம் லாகின் ஆனதும் அவனும் உள்ளே வந்துவிடுவான். செஷனில் பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயனரின் எண் இருந்தால் போதும். அந்த ஐடியை பிரவுசரில் வைத்திருக்கும் குக்கீக்கு எச்டிடிபிஒன்லி (பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் படிக்க முடியாது), செக்யூர் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் போகும்), சேம்சைட் (வேறு சைட்டிலிருந்து வரும் கோரிக்கைகளோடு போவதைக் கட்டுப்படுத்தும்) மூன்றையும் போட்டேன்.

முன்னவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற கம்ப்யூட்டர்களில் திறந்திருப்பதும் வெளியேற வேண்டும், அதற்காகத்தான். நியாயமான தேவை. பயனர் டேபிளில் இன்னொரு எண்ணைச் சேர்த்தேன், லாகின் ஆகும்போது அதன் நகல் செஷனிலும் போகும், பாஸ்வேர்ட் மாறும்போதெல்லாம் டேபிளில் அது ஒன்று கூடும், செஷனில் இருக்கும் நகலோடு ஒத்துப்போகாவிட்டால் லாகின் பக்கம்.

பழைய செஷன் ஃபைல்களையும் பேக்கப்பில் இருந்த பிரதிகளையும் இரவே அழித்துவிட்டு, எல்லாரும் புதுப் பாஸ்வேர்ட் போட வேண்டும் என்று வைத்தேன். காலையில் கடை திறந்ததும் போன்: "சார், சுங்குடி சட்டுனு வருது, ஆனா எங்க எல்லாரையும் ஏன் சார் வெளிய தள்ளிடுச்சு?"