கோடாலிக்கு வாய்தான் விலை

போனில் கைக்கோடாலி கேட்கிறவர்கள் முதலில் எடையைக் கேட்பார்கள், அடுத்து விலை, அப்புறம் "பளபளன்னு இருக்குமா?" வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, தாங்குமா என்று கேட்கிறவர்கள் குறைவு. எங்கள் சிவகங்கைப் பக்கம், அதுவும் திருப்பாச்சேத்தி அரிவாளைப் பார்த்தே வளர்ந்த சம்சாரிகள், பட்டறைக்குள் வந்ததும் கட்டைவிரலால் கோடாலி வாயைக் குறுக்கே தடவிவிட்டு அந்த ஒன்றைத்தான் கேட்பார்கள். மாமா அடிப்பதைப் படம் எடுத்து, ஆள் பிடித்து, பார்சல் கட்டி விற்பது என் வேலை. ஆள் இல்லாத நாளில் சம்மட்டியும் நான்தான். காசுக்குரிய வேலை எதுவோ அது படத்தில் தெரிவதே இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற பெரிய கஷ்டம் இதுதான்.

எங்கள் கோடாலி முழுக்க ஒரே இரும்பு கிடையாது. சாதா இரும்புப் பட்டையை, காம்பு நுழையும் துளைக்கு இடம் விட்டு இரண்டாக மடித்து, இரண்டு நுனிக்கும் நடுவில் லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய துண்டைச் செருகி, ஒட்டுவதற்கு உதவுகிற வெங்காரத்தைத் தூவி, பொரி பறக்கிற அளவுக்கு உலையில் காய்ச்சி அடித்தால் எல்லாம் ஒட்டி ஒன்றாகிவிடும். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.6 சதவீதம் வாக்கில் இருப்பதால் தோய்ச்சலில், அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது, இறுகும். சாதா இரும்பு அப்படி இறுகாது, அதனால் அடியின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

தோய்ச்சலுக்குக் காய்ச்சும்போது காந்தம் ஒட்டாமல் போகிற சூட்டையும், அதாவது 770 டிகிரியையும், கொஞ்சம் தாண்டவிட்டு எண்ணெயில் இறக்குவோம். அந்த நேரத்தில் வாய் அரம் போட்டாலும் வழுக்குகிற அளவுக்குக் கெட்டியாக இருக்கும். அப்படியே கொண்டுபோய் விறகில் போட்டால் சில்லுப் பெயர்ந்துவிடும். அதனால் வாயை வெள்ளையாகத் தேய்த்து, பின்பக்கம் மட்டும் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். "மாப்ள, தார்ப்பாயை இறக்கு" என்பார் மாமா, வெயில் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். முதலில் வைக்கோல் மஞ்சள் வரும், அது பழுப்பாகி, வாயை நோக்கி நகர்ந்து ஊதாவாகும். கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்தலாம், அடி வாங்குகிற கோடாலிக்கு ஊதா வரை விட வேண்டும். அது நீலமாவதற்குள் தண்ணீர். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்கிறவர்களிடம் நான் சொல்வதெல்லாம், இதை யார் பார்த்துச் செய்தார்கள் என்று அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான்.

இப்போது மலையேறுகிற பையன்கள் டொமஹாக் என்கிற சிறு கோடாலியைக் கேட்கிறார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் கல்லில் செய்துவந்தது, ஐரோப்பியர்கள் இரும்பில் அடித்துக் கொண்டுவந்து தோலுக்குப் பண்டமாற்று செய்தார்கள். அதுவும் பெரும்பாலும் இப்படி மடித்து ஒட்டியதுதான், அதனால் மாமாவுக்கு வேலை புதிதில்லை. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது காம்பு. ஆப்பு கிடையாது, மண் கொத்துகிற நம் குந்தாலிக்குப் போடுவது மாதிரி காம்பை மேலிருந்து இறக்க வேண்டும், வீச வீசத் தலை இறுகும். காம்பு உடைந்தால் காட்டிலேயே ஒரு கம்பை வெட்டிச் சீவிப் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் கருவேலங்காம்பு போட்டு அனுப்புகிறோம்.

அனுப்புவதுதான் பாடு. ஒரு பார்சல் ஆபீஸில் 'ஆயுதம்' என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டும் ஆயுதங்களைத்தான் ஆயுதச் சட்ட விதிகள் கட்டுப்படுத்துகின்றன, அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமான கருவிகளுக்கு விலக்கு உண்டு. இதை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. 2021-ல் அரிவாள், கத்தி விற்கிற இடங்களில் வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லிக் காவல்துறை உத்தரவு போட்டது. நோட்டு போடுவதில் எனக்கு வருத்தமே இல்லை. எதற்கு என்று கேட்டதும் மழுப்புகிறவருக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் பொருள் கிடையாது. விறகு பிளக்கவும் கிளை கழிக்கவும் வாங்குகிறவர் என்ன மரம் என்பது வரை சொல்லிவிடுவார், அதைக் கேட்டுத்தான் வாய் எவ்வளவு தடிமன் இருக்கலாம் என்று மாமா முடிவு செய்கிறார்.

வாங்கியவர்களுக்கு ஒன்று: மழுங்கினால் அரமும் சாணைக்கல்லும் போதும். மெஷினில் நீலம் பாய்கிற அளவுக்குத் தேய்த்தால் தோய்ச்சல் இறங்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அனுப்பி வையுங்கள், மாமா மறுபடி தோய்த்துத் தருவார். பார்சல் செலவு மட்டும் உங்களுடையது.