மடக்குக் கத்தி: எங்கே வைப்பது, எதற்கு வைப்பது

தற்காப்புக்கு ஒரு மடக்குக் கத்தி வைத்துக்கொள்ளலாமா என்று நம் வேலூர்ப் பக்கம் கேட்பவர்கள் பெரும்பாலும் ராத்திரியில் தனியாக வீடு திரும்புகிறவர்கள். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிகிறவர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் கம்பெனி ஷிப்ட் விட்டு வருகிறவர்கள், காட்பாடி ஜங்ஷனில் நேரங்கெட்ட நேரத்தில் ரயில் இறங்கி ஆட்டோ தேடுகிறவர்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்குக் கத்தி நல்ல பதில் இல்லை. கருவியாக வைத்துக்கொள்ள அதைவிட உபயோகமான பொருள் குறைவு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதை வாங்குவது, எங்கே வைப்பது என்பது தெளிவாகும்.

முதலில் தற்காப்பு. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸைச் சேர்ந்த டென்னிஸ் டூயலர் ஒரு கணக்கை எழுதினார். 21 அடி தள்ளி நிற்கிற ஆள் பாய்ந்து வந்து உங்களைத் தொட ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கப் பழகிய போலீஸ்காரருக்கே அது இக்கட்டான நேரம். பாக்கெட்டில் கைவிட்டு, கத்தியைப் பிடித்து, வெளியே இழுத்து, கட்டைவிரலால் விரித்து, பூட்டு விழுந்ததா என்று உறுதி செய்ய வேண்டியவருக்கு அந்த நேரம் பற்றவே பற்றாது. பயத்தில் கை நடுங்கும்போது முதலில் போவது விரல் நுனியின் நுணுக்கம்தான். வீட்டில் உட்கார்ந்து சுலபமாக விரிக்கிற கத்தி அப்போது பாதியில் நிற்கும்.

இன்னொன்றைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. சாதாரண மடக்குக் கத்தியில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் தடுப்பு கிடையாது. வியர்த்த கையோடு அழுத்தினால் விரல்கள் வழுக்கி அலகின் மேலேயே போய்ச் சேரும். பூட்டு நழுவினால் அலகு மடங்கி விழுவதும் அதே விரல்கள் மேல்தான். எதிராளிக்கு ஒன்றும் ஆகாமல் வைத்திருந்தவருக்கே தசைநார் அறுபடுவது இப்படித்தான். தெருநாய்க்கும் இது உதவாது. நாய் கடிக்கிற தூரத்துக்கு வந்த பிறகுதான் கத்தி எட்டும். அதற்குக் குடையோ ஒரு கம்போ எவ்வளவோ மேல்.

தூரத்தில் நிறுத்துகிற பொருள்தான் ராத்திரி நடைக்கு வேண்டும். பெப்பர் ஸ்ப்ரேக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. ஆறிலிருந்து பத்து அடி வரை எட்டும். டப்பாவில் போட்டிருக்கும் காலாவதித் தேதி தாண்டினால் உள்ளே அழுத்தம் குறைந்து பீய்ச்சாமல் வடியும், ஆகவே தேதியைப் பாருங்கள். எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும். வெயிலில் நிற்கிற வண்டியின் டிக்கியில் போட்டு வைக்கவும் கூடாது. போனில் தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியை ஏற்றி, சிவப்பு அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். 112, பெண்களுக்கு 181. இவ்வளவும் கையில் இருந்தால் கத்தியை வேலைக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு என்றால் எந்தக் கத்தி? கூரியர் பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க மூன்று அங்குல அலகு தாராளம். பின்முதுகு ஸ்பிரிங் மட்டும் உள்ள பேனாக்கத்தி, உள்தகடு நகர்ந்து அலகைத் தாங்கும் லைனர் லாக், முதுகில் அழுத்திப் பூட்டை விடுவிக்கும் பேக் லாக், கழுத்தில் வளையம் திருகும் பிரான்ஸ் நாட்டு ஓப்பினல் வகை என்று நாலு விதம் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது, அழுத்தி வேலை செய்தால் மடங்கும். ஓப்பினலில் 1955இல் வந்த வளையப் பூட்டு எளிமையானது, பழுதாக அதில் ஒன்றுமில்லை. ஆனால் மரக்கைப்பிடி மழைக்காலத்தில் உப்பி அலகு இறுகிக்கொள்ளும்.

லைனர் லாக் வாங்கினால் விரித்துவிட்டுப் பின்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். தகடு அலகின் அடிக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும். எதிர்ப்பக்கத் தகடுவரை போய் ஒட்டியிருந்தால் தேய்ந்துபோன கத்தி. அடுத்து, விரல்களை அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கி, கைப்பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் நிதானமாக அழுத்துங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம், நல்ல பூட்டும் அதில் கெடும். கடைசியாக மடக்கிய கத்தியை அலகு வெளியே வரும் பக்கம் கீழே பார்க்கப் பிடித்து நாலு உதறு உதறுங்கள். அலகு ஒரு மயிரிழைகூட வெளியே வரக் கூடாது. உள்தகட்டில் பதித்த ஒரு சின்ன குண்டு அலகின் குழியில் உட்கார்ந்துதான் அதை மடங்கிய நிலையில் பிடித்து வைக்கிறது. மலிவுக் கத்திகளில் அந்தக் குழி ஆழமில்லாமல் இருக்கும். பாக்கெட்டில் தானாகத் திறந்துகொள்வது இந்த ரகம்தான்.

இனி, எங்கே வைப்பது. பாக்கெட் ஓரத்தில் மாட்டும் க்ளிப்பை 1981இல் ஸ்பைடெர்கோ கம்பெனி கொண்டுவந்தது. இப்போது முந்நூறு ரூபாய்க் கத்தியிலும் அது இருக்கிறது. க்ளிப் எந்த முனையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அலகின் நுனி மேலே பார்க்கும், அல்லது கீழே பார்க்கும். நுனி மேலே பார்க்கிற வகையில் கத்தி பாக்கெட்டுக்குள் கொஞ்சம் திறந்துவிட்டால், சில்லறை எடுக்கக் கைவிடும்போது விரல் கிழியும். கீழே பார்க்கிற வகையில் திறந்தால் துணியைத் துளைத்துத் தொடையில் ஏறும். முதல் வகைக்கு நல்ல வழி இருக்கிறது: வலது முன் பாக்கெட்டின் பின்பக்கத் தையலை ஒட்டி, அலகின் முதுகு அந்தத் தையல் மேல் சாயும்படி மாட்டுங்கள். அலகு திறக்க வேண்டிய திசையில் தையல் நின்றுகொண்டு தடுக்கும். பாக்கெட்டின் நடுவில் மாட்டினால் இந்தப் பயன் போய்விடும்.

அந்தப் பாக்கெட்டில் கத்தி தவிர வேறெதுவும் போடாதீர்கள். சாவி வளையம், அலகை விரிக்க அதில் வைத்திருக்கும் கட்டைவிரல் குமிழில் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழும்போது அலகை நெம்பும். துணிப்பஞ்சு அந்தக் குண்டுக் குழியில் சேர்ந்து பிடிப்பைக் குறைக்கும்.

வேட்டி, லுங்கி கட்டுகிறவர்கள் மடியில் செருகுவதைப் பார்க்கிறோம். வேண்டாம். கட்டு தளர்ந்தால் கத்தி காலுக்குப் போகும், குனிந்தால் வயிற்றுக்குப் போகும், வியர்வை நேராக அலகில் இறங்கும். உள்ளே போடும் டிராயரில் ஜிப் வைத்த பாக்கெட் தைத்துக்கொள்வது சரியான வழி. சுடிதார் பாக்கெட் ஆழமில்லாதது, கத்தியின் எடைக்கே துணி இழுத்துத் தொங்கும். ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்பில் சின்ன பேனாக்கத்தி வைப்பது நல்லது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் கத்தியையும் சேர்த்துத்தான் கொண்டு போவான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெல்ட்டின் பின்னால், நடுமுதுகில் உறை மாட்டவே கூடாது. வண்டியிலிருந்து மல்லாக்க விழுந்தால் உடம்பின் பாரம் முழுவதும் அந்த இரும்புத் துண்டு வழியாக முதுகெலும்பில் இறங்கும். முன் பாக்கெட்டில் நீளமான கத்தி இருந்தால் உட்காரும்போது இடுப்பு மடிப்பில் குத்தும். இடுப்பின் பக்கவாட்டில் படுக்கை வசத்தில் மாட்டும் சின்ன உறை நல்லது.

உறைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் தோல் துண்டு கிடைக்கும், தைத்துத் தரவும் ஆள் உண்டு. 2 மி.மீ. முதல் 2.5 மி.மீ. தடிமன் போதும். அதைவிட மெல்லிய தோல் வாய் மடங்கிக்கொள்ளும். மூடிக்கு வெல்க்ரோ வேண்டாம், பஞ்சு பிடித்து ஒரு வருஷத்தில் ஒட்டாது. பட்டன் வையுங்கள். ஆனால் வீட்டில் கழற்றி வைக்கும்போது கத்தியை உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் தங்கியிருக்கும், ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் உள்ளே கிடந்த கத்தியின் அலகில் உறை தொட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு இறங்கியிருக்கும்.

சட்டத்தையும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் அதிகம். ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு கொண்ட கத்திகள் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதில் சேராது. மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. அதற்காக எங்கேயும் கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. கோர்ட், பரீட்சை மையம், ஓட்டுச்சாவடி, ஊர்வலம் எதற்கும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்ரீபுரம் தங்கக் கோவிலுக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, செக்-இன் பெட்டியில் போட வேண்டும். சென்னை, பெங்களூரு மெட்ரோ வாசலில் ஸ்கேனர் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 163ஆம் பிரிவில், பழைய 144, தடையுத்தரவு போட்டிருக்கும் நாளில் பேனாக்கத்தியைக்கூட வெளியே எடுக்காதீர்கள். குடியாத்தம் தாண்டி மோர்தானாப் பக்கம் போகிறவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் இருப்பது கௌண்டின்யா சரணாலயம் என்பதை மறக்கக் கூடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தியும் அடக்கம், அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் அதைக் கொண்டு போவது குற்றம்.

தற்காப்பு உரிமை இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. அதில் 37ஆம் பிரிவு தான் கடிவாளம்: தடுக்கத் தேவையானதற்கு மேல் காயம் செய்ய உரிமை இல்லை, போலீஸை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. வெறுங்கையோடு சண்டைக்கு வந்தவன் மேல் கத்தி பட்டால், ஆபத்தான ஆயுதத்தால் காயம் செய்ததாக 118ஆம் பிரிவில் வழக்கு வரும். சாதாரணக் காயத்துக்கே மூன்று வருஷம் வரை ஜெயில் உண்டு. காயம் கொடுங்காயமானால் குறைந்தது ஒரு வருஷம், அதிகபட்சம் ஆயுள். தேவைக்கு மேல் செய்யவில்லை என்று நிரூபிக்கப் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பராமரிப்பு சுலபம், ஆனால் நம் வெயிலுக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது. மே மாசத்தில் பாக்கெட்டில் இருக்கும் கத்தி நாள் முழுக்க வியர்வையில் ஊறுகிறது. ராத்திரி உலர்ந்த துணியால் அலகையும் க்ளிப்பின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள், துரு முதலில் பிடிப்பது க்ளிப் ஸ்க்ரூவில். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவிவிடுங்கள். அச்சாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் அலகு நகராது. அலகு பக்கவாட்டில் ஆடினால் அச்சாணி ஸ்டார் ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் டி8 அளவு, க்ளிப்புக்கு டி6.

தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் அரிவாளைக் கொடுக்கலாம், மடக்குக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். மெல்லிய அலகு வேகமாகச் சுற்றும் உலர்ந்த கல்லில் சூடேறி, விளிம்பு நீலம் பாரிக்கும். நீலமான இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது, தீட்டத் தீட்ட மழுங்கும். 1000 கிரிட் நீர்க்கல் ஒன்று வாங்கி, பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துத் தீட்டுங்கள். கோணம் பார்க்க ஒரு கணக்கு: அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய அந்தக் கோணம் வரும். 2 செ.மீ. அகலமான அலகுக்கு 7 மி.மீ. ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்க விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், மெல்லிய பிசிர் தட்டுப்படும். அது அடியிலிருந்து நுனிவரை தொடர்ந்து தட்டுப்பட்ட பிறகே அலகைத் திருப்ப வேண்டும்.