யானைமலையிலிருந்து அழகர்மலைக்கு: நடைக் குறிப்புகள்

ஜனவரி 2, 2026, வெள்ளி. இரவு, வெள்ளரிப்பட்டி

காலை ஆறரை மணிக்கு ஒத்தக்கடையில் பேருந்தை விட்டு இறங்கியபோது யானைமலையின் தலை பனியில் மறைந்து, முதுகு மட்டுமே தெரிந்தது. என் முதுகுப்பையின் எடை பன்னிரண்டு கிலோ. அதில் நான்கு கிலோ தண்ணீர். வழியெல்லாம் ஊர்கள் இருப்பதால் சோற்றுக்குக் கவலையில்லை, பாறைமேல் ஏறிவிட்டால் தண்ணீருக்குத்தான் திண்டாட்டம் என்று கணக்குப் போட்டு நான்கு பாட்டில்களை அடுக்கியிருந்தேன். உடன் வந்த அக்கா மகன் ஒரே ஒரு பாட்டிலோடு வந்து நின்றான். "மார்கழி மாசம் மாமா, சுனையெல்லாம் நெறஞ்சு கெடக்கும்" என்றான். நான் நம்பவில்லை.

மலையடியில் பாறையைக் குடைந்து எடுத்த நரசிங்கத்துக் குடைவரைக் கோயிலை வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் கிளம்பினோம். கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, முடிக்குமுன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தொடங்கியதை முடிக்க ஒரு தம்பி வேண்டும் போலிருக்கிறது. எனக்கு வாய்த்தது மருமகன்.

மலைமேல் சமணர் குகையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள் இந்த மலையை 'இவகுன்றம்' என்கின்றன. இவம், அதாவது இபம், யானை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக இதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் யானைதான் தோன்றியிருக்கிறது. ஆனால் என் கண் எழுத்தைவிட அதற்கு மேலே இருந்த காடியில் நின்றது. பாறையின் நெற்றியில், புருவம் போல, நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழிந்து வரும் மழைநீர் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே வர முடியாமல் முன்புறமே சொட்டிவிடும், படுக்கை நனையாது. குகையில் தங்கியவர்கள் முதலில் யோசித்தது தண்ணீரைப் பற்றித்தான் என்பது நான் நான்கு பாட்டில் சுமந்ததற்கு ஒரு சமாதானமாக இருந்தது.

ஜனவரி 3, சனி. அரிட்டாபட்டி

இன்று எழுத நிறைய இருக்கிறது. மாங்குளம் மலையில் பாதி ஏறும்போது என் வலது காலணியின் அடிப்பகுதி பசைவிட்டு, வாயைத் திறந்த கெண்டை மீன் போலத் தொங்கியது. ஆறு ஆண்டுகள் பெட்டியில் உறங்கிய காலணியை ஒருமுறைகூட ஒத்திகை பார்க்காமல் போட்டு வந்தது என் தவறு. மருமகன் பையிலிருந்த சணலை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினான். அப்படியே மீனாட்சிபுரம் குகைகளுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

1882-இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் கண்டறிந்த இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்து பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரை வெளிக்கொணர்ந்தவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். கணி நந்தன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி, அதாவது துறவியர் உறைவிடம், என்பது செய்தி. இன்னொரு கல்வெட்டில் 'வெள்ளறை நிகமம்' என்ற வணிகர் குழு வருகிறது. அந்த வெள்ளறை இன்றைய வெள்ளரிப்பட்டி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நேற்றிரவு நாங்கள் மொட்டைமாடியில் கொசுவோடு போராடிப் படுத்திருந்த ஊர்.

இறங்கும் வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் பையின் இருபக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "தண்ணிய எதுக்குய்யா மலைக்குச் சொமந்துட்டுப் போறீக?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே நாலு எட்டு நடந்து ஒரு சுனையைக் காட்டினார். முறத்தின் அளவே இருந்த பள்ளம். ஓரத்தில் பச்சைப் பாசி, நடுவில் கண்ணாடி போலத் தெளிவு, மேலே நீர்ப்பூச்சிகள் கால் பதித்து வழுக்கிக்கொண்டிருந்தன. பாசியை உள்ளங்கையால் ஒதுக்கிவிட்டு நடுவில் மொள்ள வேண்டும், கலக்கிவிடக் கூடாது என்று செய்து காட்டினார். குளிர்ந்த நீர், லேசாகக் கல் மணம். மூன்று பாட்டில்களை அங்கேயே காலி செய்தேன்.

இரவு பௌர்ணமி, அரிட்டாபட்டிப் பாறைகள் வெள்ளையடித்தது போல இருக்கின்றன.

ஜனவரி 4, ஞாயிறு. கிடாரிப்பட்டி

அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை நீரூற்றுகள் என்பது அரசுக் கணக்கு. நேற்று நான் குடித்தது அந்த இருநூறில் ஒன்றாக இருக்கலாம். இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. தேநீர்க் கடையில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. சிவனின் வடிவமான லகுலீசரின் சிற்பமுள்ள குடைவரைக் கோயிலைப் பார்த்தோம். சமணர் குகையில் 'இலஞ்சி வேள்' என்றொருவன் பெயர் இருக்கிறது. இலஞ்சி என்றால் நீர்நிலை என்றும் பொருளுண்டு. அது இங்கே ஊர்ப்பெயர்தான் என்றாலும், தாகத்தோடு ஏறிய எனக்கு அப்படிப் படிக்க மனம் வரவில்லை.

பகல் நடை வயல் வரப்பிலும் தார்ச்சாலையிலுமாகப் போயிற்று. சணல் இரண்டு முறை அறுந்தது.

கிடாரிப்பட்டிக் குகையில் துறவிகளைவிட வணிகர்களே கூட்டமாக இருக்கிறார்கள். உப்பு வணிகன், கொழு (ஏர்முனை) வணிகன், அறுவை (துணி) வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று கொடையாளர் பெயர்கள். பெரிய கடைத்தெருவே மலையேறி வந்தது போல. குகைக்குள்ளேயே சுனை இருக்கிறது. காலிப் பாட்டில்கள் நான்கும் பையில் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தன.

ஜனவரி 5, திங்கள். வீடு

மலைமேல் காட்டுவழியே போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் அழகர்கோயிலுக்குச் சாலையிலேயே நடந்தோம். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டு, பழமுதிர்சோலை தாண்டி நூபுரகங்கைத் தீர்த்தத்துக்கு ஏறினோம். கோயில் தோசை வழக்கம்போலத் தடித்து, மிளகும் நெய்யுமாகக் கனமாக இருந்தது. இரண்டே போதும், நான் மூன்று தின்றேன்.

நூபுரகங்கை அருகில் அம்மாவுக்குத் தொலைபேசினேன். தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார். பக்கத்து வீட்டு அத்தைக்கும், எதிர்வீட்டுக்கும் சேர்த்து. நான்கு பாட்டில்களையும் நிரப்பிப் பையில் வைத்துத் தோளில் ஏற்றியபோது மருமகன் எதுவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.