படுக்கையறை இல்லாத பெரிய வீடு

செட்டிநாட்டு வீடு என்றதும் பினாங்கில் எல்லாரும் எனக்குச் சொன்னது பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும்தான். ராத்திரி எங்கே படுப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கான ஓசிஐ அட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, கல்யாணமாகிக் காரைக்குடிப் பக்கம் குடிவந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் உண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், இன்ன அறை என்று பங்கும் உண்டு. ஆனால் அறைக்குள் இருப்பது சீர் சாமானும் பெட்டகமும். ஆட்கள் படுப்பது வளவை ஒட்டிய நடையான பத்தியில், பாயை விரித்து.

"ஏத்தா, அறையில யாரு படுப்பா? காத்தே வராதே" என்றார் என் கணவரின் அப்பத்தா.

பினாங்கில் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிப் பழகிய எனக்குப் பத்தியில் கண் மூடவில்லை. கடைசியில் அப்பத்தாவே தன் அறையை ஒழித்துத் தரச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: கணக்கு நோட்டுப்படிதான் எதுவும் வெளியே போகும். பித்தளை அண்டா, மங்குத் தூக்கு, எவர்சில்வர் அடுக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் வெட்டியிருக்கும் எழுத்தை நான் வாசிக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டில் டிக் போடுவார். ஒரு கரண்டி குறைந்ததற்காக ஒரு மத்தியானம் முழுக்க வேலை நின்றது. அது சம்படத்துக்குள் கிடந்தது!

அறை காலியானதும் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அமைதியான படுக்கையறைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் எதை வெளியேற்றலாம் என்றுதான் கேட்பேன்.

சுவரில் கைவைக்கவே இல்லை. பெயின்டர் வந்து பார்த்துவிட்டு, "எமல்ஷன் அடிச்சா பளிச்னு இருக்கும்மா" என்றார். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு அது. தொட்டால் வழவழவென்று குளிர்ந்திருக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடக்கூடியது. அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டை அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கொப்பளித்து உரியும். பக்கத்து அறையில் அப்படி உரிந்ததைப் பெயின்டருக்கே காட்டினேன். அப்புறம் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

தரை ஆத்தங்குடிக் கல், சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. கண்ணாடிமேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே செய்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லில் தெரிகிறது. இவ்வளவு வண்ணம் காலடியில் இருக்கும்போது கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் வெறும் வெள்ளைப் பருத்தி போதும். கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையைத் திரைச்சீலையாக்கப் பார்த்தேன், தரையோடு சண்டைக்கு நின்றது. இங்குள்ள ஹோட்டல்களில் சுவர் நிறையத் தஞ்சாவூர் ஓவியமும் பித்தளையுமாக மாட்டியிருப்பார்கள். இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு அது சரி. தினமும் அதன் கீழே படுக்க முடியாது. கட்டில் மட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கியது.

வெளிச்சம்தான் என்னைப் படுத்தியது. மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே 6 மணிக்கு எழுந்து பழகிய உடம்பு இங்கே 3.30-க்கு விழித்துக்கொண்டு, இனி என்ன என்று கேட்டது. பினாங்கில் விடியவே 7 மணிக்கு மேலாகும், இங்கே அதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். அதனால் மரக்கதவு போட்ட ஜன்னலின் அருமை இங்கேதான் தெரிந்தது, இரண்டு கதவையும் சாத்தினால் அறை கும்மிருட்டு. ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்றைத் தாழ்வாக மாட்டினோம். ராத்திரியில் வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். நான் சாயங்காலமே அந்த மஞ்சள் பல்பை மட்டும் போட்டுவிடுவேன். அப்பத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "விளக்கு வச்ச நேரத்துல வீடு ஏன் இப்படி அழுதுவடியுது?" என்பார்.

கொசுவலைக்கு ஆணி அடிக்க வேண்டியிருக்கவில்லை, உத்தரத்தில் தொட்டில் கட்டிய இரும்பு வளையம் அப்படியே இருந்தது. ஏசிக்குத்தான் வழியில்லை. உயரமான கூரை, அறை குளிர நேரமாகும். அதற்கும் மேலே, சுவரில் ஓட்டை போடுவதென்றால் பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். தை மாதம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் மட்டும் நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு பத்திக்குப் போய்விடுகிறேன். அப்பத்தா தன் பக்கத்திலேயே இடம் போட்டு வைத்திருப்பார், விசிறியோடு.