ஜப்பான் கதவ சாத்திட்டுத் தூங்கலைங்க

ஜப்பான் வரலாறுன்னாலே எல்லாரும் ஒரே கதையத்தான் ஓட்டுறாங்க. 200 வருஷத்துக்கு மேல வெளியுலகமே வேணாம்னு கதவ சாத்திக்கிட்டாங்களாம், சாமுராய்ங்க வாளத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம், 1853-ல அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி நாலு கப்பலோட வந்து நின்னதும் ஊரே அலறியடிச்சு எழுந்துச்சாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரி வரப்போறாருன்னு முந்தின வருஷமே எடோவுல (இன்னிக்கு டோக்கியோ) மேலிடத்துக்குத் தெரியும். டச்சுக்காரங்க எழுதியே குடுத்துட்டாங்க.

அது புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். 1543-ல தனேகாஷிமா தீவுல ஒரு சீனக் கப்பல்ல போர்ச்சுகீஸ்காரங்க வந்து இறங்குறாங்க, கையில திரி வச்சு சுடுற துப்பாக்கி. தீவோட தலைவர் ரெண்டு துப்பாக்கிய வாங்கி உள்ளூர் கொல்லர்கிட்ட குடுத்து இதே மாதிரி செஞ்சு குடுன்னுட்டாரு. நாடு முழுக்க ஆளாளுக்கு அடிச்சிக்கிட்டிருந்த காலம், சும்மா விடுவாங்களா, சீக்கிரமே எல்லாப் படையிலயும் துப்பாக்கி வந்துடுச்சு. 1549-ல ககோஷிமாவுக்கு பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் போறாரு. அதுக்குச் சில வருஷம் முன்னாடி நம்ம முத்துக்குளித்துறை பரவர் ஊர்கள்ல ஞானஸ்நானம் குடுத்துட்டிருந்த அதே சவேரியார்தான். தெற்குல இருக்கற கியூஷூ தீவுப் பக்கத்து தைம்யோக்கள் (நம்ம பாளையக்காரங்க மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா இன்னும் பெரிய கை) சில பேர் மதம் மாறுனாங்க. பக்தி எவ்வளவு, வியாபாரம் எவ்வளவுன்னு அவங்களுக்குத்தான் வெளிச்சம். ஓமுரா சுமிதாதான்னு ஒருத்தர் 1580-ல நாகசாகி துறைமுகத்தையே ஏசுசபைக்கு எழுதிக் குடுத்துட்டாரு!

இது மேல இருக்கறவங்களுக்கு உறுத்தாம இருக்குமா. 1600 செகிகஹாரா போர்ல ஜெயிச்சு 1603-ல ஷோகன் (நாட்டையே ஆண்ட ராணுவத் தலைவர்) ஆன தோக்குகாவா இயேயாசுவுக்கும் அவர் வாரிசுகளுக்கும் இருந்த பெரிய பயம் வெள்ளைக்காரன் இல்ல, சொந்த நாட்டு தைம்யோக்கள்தான்னு எனக்குத் தோணும். ஏறக்குறைய 260 தைம்யோ, அதுல மேற்கோடியில சத்சுமா, சோஷூ மாதிரி சமஸ்தானத்து ஆளுங்க செகிகஹாராவுல எதிர்ப்பக்கம் நின்னவங்க. இவங்க கையில துறைமுகம், துப்பாக்கி, வெளிநாட்டுக் காசு மூணும் சேர்ந்தா என்னாகும். 1635-ல ரெண்டு உத்தரவு வருது, ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் விஷயம் பிடிபடும். ஒண்ணு, தைம்யோ எல்லாரும் ஒரு வருஷம் சொந்த ஊர், ஒரு வருஷம் எடோன்னு மாறி மாறி இருக்கணும், பொண்டாட்டி புள்ளைங்க எடோவுலயே, கிட்டத்தட்ட பணயக்கைதி. எடோவுக்குள்ள துப்பாக்கி போகுதா, எடோவுலேர்ந்து பெண்கள் வெளிய போறாங்களான்னு ஹகோனே மாதிரி சோதனைச்சாவடில குடைஞ்சு பாப்பாங்க. இன்னொண்ணு, ஜப்பான்காரன் எவனும் நாட்டை விட்டுப் போகக்கூடாது, போனவன் திரும்பி வந்தா மரண தண்டனை.

1637-ல கியூஷூவோட ஷிமாபாராவுல வரிக்கொடுமையும் மதக்கொடுமையும் சேர்ந்து விவசாயிங்க கிளம்பிட்டாங்க, நிறைய கிறிஸ்தவங்க. ஹாரா கோட்டைல அவங்க அடைஞ்சு கிடந்தப்ப ஷோகன் ஆளுங்க கேட்டாங்கன்னு டச்சுக் கப்பல் ஒண்ணு அந்தக் கோட்டை மேல குண்டு போட்டுச்சு. கிறிஸ்தவன் மேல கிறிஸ்தவன். வியாபாரம்னு வந்துட்டா டச்சுக்காரனுக்கு வேற எதுவும் கண்ணுல தெரியாது போல. 1639-ல போர்ச்சுகீஸ்காரங்கள தொரத்தியாச்சு, மறுவருஷம் சீனக் கரையில போர்ச்சுகீஸ்காரங்க இருந்த மக்காவ் ஊர்லேர்ந்து சமாதானம் பேச வந்த தூதுக்குழுல 61 பேர் தலையை வெட்டிட்டாங்க.

1641-ல டச்சுக்காரங்கள தேஜிமாவுக்கு மாத்துனாங்க. நாகசாகி கரையோரம் கடலத் தூர்த்து உண்டாக்குன விசிறி வடிவத் தீவு, ஊர்ப் பக்கம் போக ஒரே ஒரு பாலம், அதுலயும் காவல். முதல்ல போர்ச்சுகீஸ்காரங்கள அடைக்கக் கட்டுனதுதான், காலியா கிடந்துச்சு, இவங்கள போட்டாச்சு, அதுக்கு வாடகை வேற! இங்கேர்ந்து போன ஜப்பான் செம்பு நம்ம சோழமண்டலக் கரை வரைக்கும் வந்து வித்துச்சு. இந்தப் பக்கத்து கோடு போட்ட பருத்தித்துணி அங்க போய் சாந்தோம் பேர்லயே பிரபலமாச்சு.

தேஜிமா தலைவர் வருஷா வருஷம் எடோவுக்குப் போய் ஷோகன் முன்னாடி மண்டி போடணும். 1691-ல கூடப்போன ஜெர்மன் டாக்டர் கெம்ஃபர் எழுதி வச்சிருக்காரு, படிச்சா சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாது. ஷோகன் சுனயோஷி தட்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, எழுந்து நில்லு, நட, கோட்ட கழட்டு, ஆடு, பாடு, குடிகாரன் மாதிரி நடின்னு உத்தரவு போட்டாராம். டாக்டரும் ஒரு ஜெர்மன் காதல் பாட்டு பாடி வச்சிருக்காரு. கூத்து ஒரு பக்கம்னா நடுவுல வைத்தியம் பத்தியும் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதத்தான் நாம கவனிக்கணும்.

ஏன்னா நாகசாகிக்கு டச்சுக் கப்பல் வந்ததும் உலகத்துல என்னென்ன நடந்துச்சுன்னு தேஜிமா தலைவர் சொல்லியாகணும். பரம்பரை பரம்பரையா மொழிபெயர்ப்பே தொழிலா வச்சிருந்த குடும்பங்க அத ஜப்பானிய மொழில எழுதி எடோவுக்கு அனுப்புவாங்க. பிரெஞ்சுப் புரட்சி செய்திகூட அப்படித்தான் போச்சு. டச்சுக்காரங்க தனக்கு வேணாங்கறத அமுக்கிடுவாங்க, அதுவும் உண்டு. டச்சுக்காரங்க கையில இருந்த ஜாவாவ ஆங்கிலேயர் பிடிச்சப்புறம் 1813-ல அங்க ஆண்ட ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ் கப்பல் அனுப்பி தேஜிமாவக் கேட்டப்ப, தலைவர் தூஃப் முடியாதுன்னு சொல்லிட்டு வந்தது ஆங்கிலேயர் கப்பல்ங்கற உண்மைய மேலிடத்துக்குத் தெரியாம மறைச்சாரு. ஆனா ஒரே வாய நம்பி இருக்கல, நாகசாகிக்கு சீனக் கப்பல் டச்சவிட அதிகமா வந்துட்டிருந்துச்சு, சுஷிமா தீவு வழியா கொரியா, சத்சுமா வழியா ரியூக்யூ தீவு ராஜ்ஜியம், வடக்க மத்சுமாயே வழியா ஐனு பழங்குடி மக்கள்னு வேற வாசலும் இருந்துச்சு. 1774-ல டச்சு உடற்கூறு புத்தகத்த சுகிதா கென்பாக்கு குழு மொழிபெயர்த்து அச்சே போட்டுட்டாங்க.

அப்புறம் 1852. அமெரிக்கப் படைக்கப்பல் வரப்போகுதுன்னு டச்சுக்காரங்க சொன்ன சேதி மூத்த ஆலோசகர் அபே மசாஹிரோகிட்ட போச்சு, அவரு ரொம்பச் சில பேர்கிட்ட மட்டும் சொன்னாரு. விஷயம் தெரியாம மாட்டிக்கல, தெரிஞ்சும் கையில ஒண்ணும் இல்ல. கஜானா காலி, எல்லா தைம்யோவையும் கடல் தாண்டுற கப்பல் கட்டக்கூடாதுன்னு 200 வருஷமா அமுக்கி வச்சாச்சு, இப்ப திடீர்னு கடல்ல போய் சண்ட போடுன்னா எவன் போவான்? கடைசில அதே சத்சுமாவும் சோஷூவும் சேர்ந்துதான் 1868-ல ஷோகன் ஆட்சிக்கு முடிவு கட்டுனாங்க. அதுக்கு முன்னாடியே, 1863-ல சோஷூ பசங்க அஞ்சு பேர் மரண தண்டனைச் சட்டம் இருக்கும்போதே திருட்டுத்தனமா இங்கிலாந்துக்குக் கப்பலேறிட்டாங்க. அதுல ஒருத்தர் இதோ ஹிரோபூமி, பின்னாடி ஜப்பானோட முதல் பிரதமர்.

எனக்குப் பிடிச்ச ஆளு ஃபுகுசாவா யுகிச்சி. கீழ்நிலை சாமுராய் வீட்டுப் பையன், இந்த மேல்நிலை கீழ்நிலை எழவே பிடிக்காது. 1854-ல நாகசாகி போய் டச்சு படிக்க ஆரம்பிச்சு, வருஷக்கணக்கா உயிரக் குடுத்துப் படிச்சு, 1859-ல வெளிநாட்டுக்காரங்களுக்குப் புதுசா திறந்த யோகோஹாமா துறைமுகத்துக்குப் பெருமையா போறாரு. அங்க ஒரு கடை போர்டுகூட அவருக்குப் படிக்க வரல, பேசுனாலும் யாருக்கும் புரியல, எல்லாம் இங்கிலீஷ். நொந்து போயி வீட்டுக்கு வந்தவரு மறுநாளே இங்கிலீஷ் படிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. அடுத்த வருஷமே கான்ரின் மாருங்கற ஜப்பான் கப்பல்ல ஏறி அமெரிக்கா போனாரு. அந்தக் கப்பலும் டச்சுக்காரன் கட்டுனதுதான்.