சுவர் விளம்பரமும் அப்பாவின் போனும்

2024 மக்களவைத் தேர்தல் நேரம். அப்பா போனில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். சரணத்துக்கு நடுவில் ஒரு கட்சி விளம்பரம் வந்து விழுந்தது. "உனக்கும் இதுதான் வருதா?" என்றார். என் போனில் அதே கட்சி வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு முதியோர் பென்ஷன், எனக்கு வேலைவாய்ப்பு.

எனக்கு உறுத்துவது இதுதான். சுவரில் சுண்ணாம்படித்து எழுதினால் தெருவே படிக்கும். எதிர்க்கட்சிக்காரரும் படித்துவிட்டு எதிர்ச்சுவரில் பதில் எழுதுவார். போனில் வருவது அவரவர் கண்ணுக்கு மட்டும்.

சரி, ஒரேயடியாகத் தடை செய்துவிடலாமா? 2019இல் ட்விட்டர் செய்து பார்த்தது, 2023இல் தளர்த்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் கடும் விதி கொண்டுவந்ததும், 2025 அக்டோபருக்குள் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் கூகுளும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திவிட்டன. பெரிய கட்சிக்கு இதனால் என்ன நஷ்டம்? ஐடி விங் இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மாட்டிக்கொள்வது சில ஆயிரம் ரூபாயில் தொகுதிக்குள் முகம் காட்ட நினைக்கும் சுயேச்சைதான்.

நான் கேட்பது வேறு. வயது, ஆர்வம் பார்த்துக் குறிவைப்பதை நிறுத்துங்கள். தொகுதிவாரியாக மட்டும் காட்டட்டும். அப்புறம் செலவுக் கணக்கு. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் வரம்பு, கட்சிக்கோ வரம்பே கிடையாது. மெட்டா தன் தளங்களில் வரும் விளம்பரங்களைத் திரட்டி வைத்திருக்கும் விளம்பர நூலகத்தில் தேடினால் காசு கொடுத்த பக்கத்தின் பெயர் வரும். பின்னால் இருக்கும் ஆள் யாரென்று பல சமயம் பிடிபடாது.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். "அதெல்லாம் இருக்கட்டும், ஸ்கிப் எங்கடா இருக்கு?" என்றார்.